சீனத்திலிருந்து வந்த மடகாஸ்கர் பூச்சி

1773-ஆம் ஆண்டு லண்டனில் ட்ரூ ட்ரூரி என்பவர் தம் பூச்சி நூலின் இரண்டாம் தொகுதியை வெளியிட்டார். ட்ரூரிக்குத் தொழில் வெள்ளிச் சாமான் வியாபாரம். பூச்சி சேர்ப்பது பித்து. அந்தத் தொகுதியில் கறுப்புச் சிறகில் பச்சை, நீலம், செம்பொன் நிறங்கள் பட்டை பட்டையாக மின்னும் ஒரு பூச்சியும் இடம்பெற்றது. அதற்கு அவர் சூட்டிய பெயர் பாப்பிலியோ ரைபியஸ். பாப்பிலியோ என்றால் அன்றைய வழக்கில் பட்டாம்பூச்சி. ஹாம்பர்க்கைச் சேர்ந்த மே என்ற கப்பல் தலைவர் அதைக் கொடுத்தார் என்பதும், அது சீனத்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தது என்பதும் அதன் பூர்வீகமாகச் சொல்லப்பட்டன. பெயர், பூர்வீகம் இரண்டும் தவறு. அது பட்டாம்பூச்சி அன்று, அந்துப்பூச்சி. சீனத்திலும் இல்லை, வங்காளத்திலும் இல்லை. மடகாஸ்கர் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. இன்று அதன் அறிவியல் பெயர் கிரைசிரிடியா ரைபியஸ். பேச்சு வழக்கில் மடகாஸ்கரின் அந்தி அந்துப்பூச்சி என்கிறார்கள்.

இந்தத் தவறுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அழகு. அந்துப்பூச்சி என்றால் மங்கலாக, சாம்பல் பூசியதுபோல் இருக்க வேண்டும். இரவில் விளக்கைச் சுற்ற வேண்டும். இதுவோ பகலில் பறக்கிறது. சிறகு விரித்தால் ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் அகலம், சில பதினொன்றைத் தொடும். சிறகோரத்தில் வெள்ளைக் குஞ்சம். பின்சிறகுகளில் மொத்தம் ஆறு வால்கள், அவற்றில் சில பறக்கும்போதே ஒடிந்து போகும். நிறக்கோலம் இடப்பக்கமும் வலப்பக்கமும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. இப்படி ஒன்றைக் கண்டால் யாரும் பட்டாம்பூச்சி என்றுதான் சொல்வார்கள், பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர் மட்டும் விலக்கா என்பது அந்த விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பாதித் தவறுக்குக்கூடப் போதாது. பூச்சியின் அழகு அதைப் பட்டாம்பூச்சியாக்கியிருக்கலாம். சீனத்துக்காரனாக எப்படி ஆக்கும்? இரண்டு தவறுகளும் ஒரே பக்கத்தில், ஒரே பூச்சியின் மேல் விழுந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து விளக்கும் காரணம் பூச்சியின் சிறகில் இல்லை, பூச்சி வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. அக்காலத்தில் உயிரின மாதிரிகளை விற்று வாங்கிய வணிகம் உயிரினத்திலிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டது, எதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டது என்று பார்த்தால்தான் இந்தப் பிழை புரியும்.

ட்ரூரியின் சேகரிப்பில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் இருந்தன. அவர் லண்டனை விட்டு வெப்ப நாடுகளுக்குப் போனவர் அல்லர். கப்பல் தலைவர்கள், கப்பல் மருத்துவர்கள், தூரத்துக் குடியேற்றங்களில் இருந்த அதிகாரிகள் ஆகியோரின் கைகள் வழியாகத்தான் அவருக்குப் பூச்சி வந்தது. வெளிநாட்டில் பூச்சி பிடித்துப் பதப்படுத்துவது எப்படி என்ற குறிப்பை அச்சிட்டு விநியோகித்திருக்கிறார். இது அன்று லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் நகரங்களின் செல்வந்தர்களிடம் பரவியிருந்த பழக்கம். பூச்சிப் பெட்டி வைத்திருப்பது சீனப் பீங்கான் வைத்திருப்பதைப்போல ஒரு கௌரவம். அந்தச் சந்தையில் விலை சிறகுக்குத்தான். பிடித்த இடம், பிடித்த மாதம், அது உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. காசு கிடைக்காத சரக்கை மாலுமி ஏன் சுமக்கப் போகிறான்? ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் தண்ணீருக்கும் இறைச்சிக்கும் மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையிலுள்ள செயின்ட் அகஸ்டின் குடா போன்ற இடங்களில் நங்கூரமிடுவது உண்டு. அப்படி வழியில் ஏறிய ஒரு பொருள், பயணத்தின் பெரிய ஊரின் பெயரைப் பெற்றுவிடுவதில் வியப்பில்லை. மே தலைவரின் பூச்சிக்கும் இப்படித்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ‘சீனமோ வங்காளமோ’ என்ற அந்த இழுப்பே அதற்குச் சாட்சி. பூச்சி பிடித்த இடத்தைத் தெரிந்தவர் இரண்டு நாடுகளைச் சொல்லமாட்டார். கப்பல் போன வழியை மட்டும் தெரிந்தவர்தான் அப்படிச் சொல்வார்.

இதே வணிகம் செய்த வேறு இரண்டு காரியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-ல் பெரிய சொர்க்கப் பறவைக்குப் ‘பாதமற்றது’ என்று பொருள்படும் பெயரை இட்டார். நியூகினியா பக்கத்து வேட்டையாடிகள் தோலை விற்கும்போது காலை வெட்டிவிடுவார்கள். வாங்குபவருக்கு வேண்டியது இறகு. கால் இல்லாத தோல்களே ஐரோப்பாவுக்கு வந்ததால், இந்தப் பறவை தரையில் இறங்குவதே இல்லை, காற்றிலேயே வாழ்ந்து காற்றிலேயே சாகிறது என்ற கதை பல தலைமுறை உலவியது. அந்தப் பெயர் இன்றும் மாறவில்லை. இரண்டாவது, ஒரு மோசடி. 1702-ல் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற லண்டன் மருந்து வியாபாரியிடம் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்து சேர்ந்தது. சிறகில் கரும்புள்ளிகளும் நீலப் பிறைகளும் இருந்தன. 1763-ல் லின்னேயஸ் அதைப் புதிய இனமாக ஏற்றுப் பாப்பிலியோ எக்லிப்சிஸ் என்று பெயரும் கொடுத்தார். 1793-ல் அவருடைய மாணவர் ஃபேப்ரீசியஸ் கூர்ந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: ஐரோப்பியத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் பிரிம்ஸ்டோன் பட்டாம்பூச்சியின் மேல் யாரோ புள்ளி வரைந்திருக்கிறார்கள். உலகத்து உயிர்களுக்கெல்லாம் பெயர் கொடுத்தவரையே ஒரு தூரிகை ஏமாற்றியது. லின்னேயஸின் கண் கூர்மையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தில் சிறகைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான் விஷயம்.

அக்காலத்தில் வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது, அதுவும் நம் கரையிலேயே. லின்னேயஸிடம் பயின்ற ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்தார். 1785-ல் இறக்கும்வரை பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஃபேப்ரீசியஸின் நூல்களைப் புரட்டினால், வாழிடம் என்ற இடத்தில் தரங்கம்பாடி என்று எழுதிய பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ட்ரூரியுமே 1771-ல் வேறு சிலரோடு சேர்ந்து பணம் போட்டு ஹென்றி ஸ்மீத்மன் என்பவரைச் சியரா லியோனுக்கு அனுப்பினார். அவர் அங்கே தங்கிக் கரையான் புற்றுகளைப் பற்றி எழுதியது இன்றும் மதிக்கப்படுகிறது. அதே நூற்றாண்டு, அதே ஊசி, அதே பெட்டி. ஆனால் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தவர் அனுப்பிய பூச்சியோடு ஊரும் சேர்ந்து வந்தது. கடந்து போனவர் கொடுத்த பூச்சியோடு வதந்திதான் வந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஊர் தெரியாததால் ஊர்ப்பிழை வந்தது, சரி. ஆனால் பட்டாம்பூச்சி என்ற பிழைக்கு ஊர் தெரியாமை எப்படிக் காரணமாகும்? தென்னமெரிக்காவில் ரைபியஸின் உறவுக்கார இனம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் யூரானியா லெய்லஸ். கறுப்பில் பச்சைக் கோடுகள் ஓடும், பகலில் பறக்கும் பூச்சி. அது சுரினாமில் வாழ்வது ஐரோப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் லின்னேயஸ் 1758-ல் அதைப் பாப்பிலியோ லெய்லஸ் என்றே எழுதினார். ஊர் தெரிந்தும் தவறு நடந்தது என்றால், வணிகத்தின் மேல் பழியைப் போடுவது நியாயமா? நியாயமான கேள்விதான். லின்னேயஸின் முறையில் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி ஆகிய செதிற்சிறகுப் பூச்சிகள் எல்லாமே மூன்று பேரினங்களுக்குள் அடங்கின: உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் பாப்பிலியோ, நடு தடித்திருந்தால் ஸ்பிங்க்ஸ், அடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போனால் ஃபலேனா. லெய்லஸின் உணர்கொம்பு நுனியில் குண்டு இல்லை. தம் விதியைத் தாமே கடைப்பிடித்திருந்தால் அதை அவர் பாப்பிலியோவில் சேர்த்திருக்கவே முடியாது. விதியைச் சிறகு வென்றுவிட்டது. உணர்கொம்பு காய்ந்த உடலில் முதலில் ஒடியும் உறுப்பு. சிறகு கடைசிவரை நிற்கும். எது கப்பல் பயணத்தைத் தாங்குமோ அதுவே வகைப்பாட்டின் அடையாளமாகவும் ஆகிவிட்டது என்பேன். ஆகவே மறுப்பு என் வாதத்தைக் கொஞ்சம் திருத்துகிறது, வீழ்த்தவில்லை: வணிகம் ஊரை மட்டும் தொலைக்கவில்லை, பூச்சி என்றால் சிறகு என்று அறிஞர்களின் கண்ணையும் பழக்கிவிட்டது.

அந்தச் சுரினாம் பூச்சியை நேரில் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. மரியா சிபில்லா மெரியன் 1699-ல் சுரினாமுக்கே போய் இரண்டாண்டு தங்கிப் புழுவையும் கூட்டுப்புழுவையும் வளர்த்துப் பார்த்தவர். 1705-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் லெய்லஸ் இருக்கிறது, ஒரு பம்ப்ளிமாஸ் கிளையோடு. ஆனால் லெய்லஸின் புழு பம்ப்ளிமாஸ் தின்பதில்லை. ஓரிடத்தில் வாழ்ந்து பார்ப்பது மட்டும் போதும் என்று சொல்பவர்களுக்கு இது ஒரு கடிவாளம். மெரியனைப் போன்ற கூர்மையான கண்ணுக்கே செடி தவறிவிட்டது. காட்டில் உயரத்தில் ஏறும் கொடியின் இலையில் இருக்கும் புழுவைக் கீழே தோட்டத்திலிருந்து தேடிக் கண்டுபிடிப்பது லேசான வேலை அன்று. அவர் பிழை வேறு வகையானது. அவர் சரியான கேள்வியைக் கேட்டுத் தவறான விடையைப் பெற்றார். ட்ரூரியின் பூச்சி வந்த வழியில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை.

அடுத்து ஹூப்னர். என் வாதத்துக்கு உண்மையில் இடைஞ்சலானவர் இவர்தான். யாக்கோப் ஹூப்னர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஓவியர்; செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்குபவர்; இளமையில் பருத்தித் துணி ஆலையில் வடிவமைப்பு வேலையும் பார்த்தவர். மடகாஸ்கருக்கு அவர் போகவில்லை. இருந்தும் 1823-ல் ரைபியஸைப் பாப்பிலியோவிலிருந்து எடுத்துக் கிரைசிரிடியா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தில் வைத்தவர் அவரே. அதற்குப் பதினாறு ஆண்டு முன்னால், 1807-ல், வண்ணம் தீட்டிய மோசடியைப் பிடித்த அதே ஃபேப்ரீசியஸ் லெய்லஸ் வகைக்கு யூரானியா என்ற பேரினத்தை உருவாக்கியும் பட்டாம்பூச்சி வரிசையை விட்டு அதை நகர்த்தவில்லை. அப்படியானால் ஆக்ஸ்பர்க்கில் உட்கார்ந்து, காய்ந்த உடலைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடிக்க முடிந்தது. பெட்டியைக் குறை சொல்வானேன்? ஒப்புக்கொள்கிறேன். முழுமையான உடலும், சிறகைத் தாண்டி உடலையும் கொம்பையும் ஒப்பிடும் கையும் இருந்தால், செத்த பூச்சியும் பேசும். ஹூப்னரின் பலம் அவர் ஆயிரக்கணக்கான பூச்சிகளை நுணுக்கமாக வரைந்தவர் என்பது. வரைபவன் சிறகை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து போக முடியாது. மேலும் லின்னேயஸின் பெரிய பெட்டிகளைச் சின்னஞ்சிறு பேரினங்களாக உடைப்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது; அன்று அதற்காக ஏச்சும் வாங்கினார். ஆனால் அவர் சொன்னது ‘இது அங்கே சேராது’ என்பது. இது யாருக்குச் சொந்தம், ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விகளுக்குக் காய்ந்த உடலில் விடை இல்லை. அது இலையில் இருந்தது.

இலையின் கதையில் ஒரு விசித்திரமான தொடர்ச்சி உண்டு. ட்ரூரி இறந்தபின் 1805-ல் அவருடைய பூச்சிகள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் பலவற்றை வாங்கியவர் அலெக்சாண்டர் மக்லே. அவருடைய மகன் வில்லியம் ஷார்ப் மக்லே அடிமை வணிகத்தை ஒழிக்க அமைக்கப்பட்ட கூட்டு நடுவர் மன்றத்தில் பிரிட்டனின் பிரதிநிதியாக 1825-லிருந்து 1836 வரை கியூபாவின் ஹவானாவில் இருந்தார். அங்கே ரைபியஸின் உறவான கியூப யூரானியாவை உயிரோடு கண்டார். அதன் புழு ஓம்பலியா என்ற செடியின் தளிரைத் தின்பதைக் கவனித்து, 1834-ல் லண்டன் விலங்கியல் கழகத்துக்கு எழுதினார். தந்தையின் தலைமுறை பெட்டியை வாங்கியது. மகன் தளிரைப் பார்த்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1833-ல், பிரெஞ்சுப் பூச்சியியலர் புவாடுவால் மடகாஸ்கர், பூர்போன், மொரீசியஸ் தீவுகளின் பூச்சி நூலை வெளியிட்டார். பூச்சிகளின் பழக்கவழக்கம் பற்றிய குறிப்புகள் அங்கே பணியாற்றிய ஸ்கான்ஸானுடையவை என்று நூலின் தலைப்பே சொல்லிற்று. பூர்போன் என்பது இன்றைய ரியூனியன். ரைபியஸ் இந்தியப் பெருங்கடலுக்கு உரியது என்பது ஒருவழியாக நிலைபெற்றது.

ஓம்பலியா ஆமணக்குக் குடும்பத்துச் செடி. மடகாஸ்கரில் அதில் நான்கு இனங்கள் உண்டு: மூன்று மேற்கின் இலையுதிர் வறண்ட காட்டில், ஒன்று கிழக்கின் மழைக்காட்டில். ரைபியஸின் புழு இவற்றைத் தவிர வேறெதையும் தின்னாது. தென்னமெரிக்காவின் யூரானியாவும் ஓம்பலியாவையே தின்கிறது. ஆஸ்திரேலியா, நியூகினியா பக்கத்து அல்சிடிஸ் பேரினமும் அதே ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளில்தான் வளர்கிறது. டேவிட் லீஸ், நீல் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் இந்தச் செய்திகளை ஒன்றுதிரட்டி, மூன்று கண்டங்களில் சிதறிக்கிடக்கும் இந்தப் பூச்சிகளின் உறவை உணவுச் செடியைக் கொண்டு விளக்கினார்கள். நடுவில் இரண்டு பெருங்கடல்கள் கிடக்க, பனாமாவில் ஒரு புழுவும் மடகாஸ்கரில் ஒரு புழுவும் ஒரே செடிப் பேரினத்தைத் தேடிப் போகின்றன என்பதைவிடப் பலமான உறவுச் சான்று சிறகில் இல்லை. ஓம்பலியாவில் நச்சுப் பொருள்கள் உண்டு; புழு அவற்றை உடலில் சேர்த்துக்கொள்கிறது, அவை வளர்ந்த பூச்சிக்கும் போகின்றன. புழுக்கள் மொய்த்துத் தின்னும் செடி காலப்போக்கில் தன் நஞ்சைக் கூட்டிக்கொள்கிறது, அதனால்தான் இந்தப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கின்றன என்பது ஸ்மித் பனாமாவில் வைத்த கருத்து. மடகாஸ்கரிலும் மேற்குக் காட்டுக்கும் கிழக்குக் காட்டுக்கும் இடையே ரைபியஸ் தீவைக் கடந்து போய்வருகிறது.

இங்கேதான் பழைய தவறு தலைகீழாகிறது. உடலில் நஞ்சுள்ள பூச்சி ஒளிந்திருக்க வேண்டியதில்லை; என்னைத் தின்னாதே என்று பறவைக்குத் தெரியும்படி பகலில், பளிச்சென்று பறக்கலாம். அதாவது அறிஞர்களை ஏமாற்றிய அந்த வண்ணமும் பகல் பறத்தலும் பட்டாம்பூச்சி உறவுக்கு அடையாளம் அல்ல, அது தின்ற இலையின் விளைவு. வண்ணத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது சாயமே அன்று. ரைபியஸின் சிறகில் மின்னும் பகுதிகளில் பச்சை நிறமியோ நீல நிறமியோ கிடையாது. ஒவ்வொரு செதிலுக்குள்ளும் மெல்லிய தகடுகள் காற்று இடைவெளி விட்டு அடுக்கடுக்காக இருக்கின்றன; அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களை ஓங்கச் செய்கின்றன, மற்றவற்றை அழிக்கின்றன. பெரும்பாலான பூச்சிகளில் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் தட்டையாகப் படுத்திருக்கும். ரைபியஸின் செதில் நன்றாக வளைந்தது. அதனால் ஒரு செதிலின் முதுகிலிருந்து நேரே திரும்பும் ஒளி ஒரு நிறமாகவும், பக்கத்துச் செதிலில் மோதி இரண்டாம் முறை திரும்பும் ஒளி இன்னொரு நிறமாகவும் நம் கண்ணில் கலக்கின்றன. 2007-ல் யோஷியோகா, கினோஷிதா என்ற ஜப்பானிய இயற்பியலர்கள் இதை அளந்து காட்டினார்கள். விக்டோரியா காலத்தில் இந்தச் சிறகைக் கண்ணாடிக்குள் வைத்து நகை செய்தார்கள். சாயம் இல்லாததால் நகையில் நிறம் மங்காமல் நின்றது.

பட்டாம்பூச்சியைப் பார்த்து அந்துப்பூச்சி வேஷம் போட்டது என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். நியூகினியாவில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே அல்சிடிஸ் அகாதிர்சஸ் என்ற நஞ்சுள்ள பகல் அந்துப்பூச்சியைப் போலவே தோற்றம் கொண்டு திரிவது பாப்பிலியோ லாக்லைசி, ஓர் அசல் பட்டாம்பூச்சி. பிரதி பட்டாம்பூச்சி, மூலம் அந்துப்பூச்சி. ட்ரூரி காலத்து வணிகர் ஒருவர் இரண்டையும் ஒரே பெட்டியில் குத்தி வைத்திருந்தால், இரண்டும் ஒரே இனம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இலை உறவைக் காட்டியது. உறவை உடலிலும் நிறுவியது ஓர் எதிர்பாராத உறுப்பு: காது. ரைபியஸ் சேர்ந்திருக்கும் யூரானிடே குடும்பத்துப் பூச்சிகளுக்குக் காது வயிற்றில் இருக்கிறது. அதிலும் ஆணுக்கு ஓரிடத்தில், பெண்ணுக்கு வேறிடத்தில். பெண்ணுக்கு வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடிப்பக்கத்தில். ஆணுக்கு இரண்டாம், மூன்றாம் கண்டங்கள் சந்திக்கும் பக்கவாட்டில். ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படி இடம் மாறிய காது செதிற்சிறகுப் பூச்சிகளில் வேறு குடும்பத்தில் இல்லை. பகலில் பறக்கும் ரைபியஸுக்கும் இரவில் பறக்கும் அதன் உறவினருக்கும் இது பொது. அந்த உறவினரில் ஒன்றைத் தமிழர் பலர் பார்த்திருப்பார்கள். 2014-ல் சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் சுவரிலும் மின்தூக்கிக் கதவிலும் திடீரென்று ஏராளமாக வந்து ஒட்டிக்கொண்ட, உள்ளங்கை அகலமுள்ள, பழுப்பில் வெள்ளைக் கோடு போட்ட பூச்சி லிஸ்ஸா சாம்பா. மின்னல் இல்லை, வண்ணம் இல்லை. இருந்தும் அது ரைபியஸின் நெருங்கிய சுற்றம். சிறகை மட்டும் வைத்து இந்த உறவை யார் ஊகிக்க முடியும்?

கடைசியாக ஒரு மறுப்பு, கொஞ்சம் தத்துவச் சாயல் கொண்டது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி என்ற பிரிவே செயற்கை. பரிணாம மரத்தில் பட்டாம்பூச்சிகள் அந்துப்பூச்சிகளின் நடுவிலிருந்து கிளைத்த ஒரு கிளைதான். ஆகவே ட்ரூரியின் தவறைத் தவறு என்பதே பெரிதில்லை என்பார்கள். முன்பாதி உண்மை. அந்துப்பூச்சி என்பது ஒரே குலம் அன்று, பட்டாம்பூச்சி அல்லாத எல்லாவற்றுக்கும் நாம் வைத்த பொதுப்பெயர். ஆனால் பட்டாம்பூச்சி என்பது உண்மையான ஒரு குலம். ரைபியஸ் அதன் உறுப்பினர் அன்று என்பதும் உண்மை. இதே தவறு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க வெப்பக் காடுகளில் ஹெடிலிடே என்ற மங்கலான, இரவில் பறக்கும் சிறு பூச்சிகள் உண்டு. தோற்றத்தை நம்பி அவற்றைச் சாணளந்து நகரும் புழுக்களுக்குரிய அந்துப்பூச்சிகளோடு வைத்திருந்தார்கள். 1986-ல் மால்கம் ஸ்கோபிள் என்ற பூச்சியியலர் முட்டை, புழு, கூட்டுப்புழு, உடலமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டு அவை பட்டாம்பூச்சிகளே என்று வாதிட்டார். பின்வந்த மரபணு ஆய்வுகளும் அதையே சொல்லின. இருட்டில் பறக்கும் பட்டாம்பூச்சி, வெயிலில் பறக்கும் அந்துப்பூச்சி. இரண்டு தவறுகளுக்கும் வழி ஒன்றுதான்: வளர்ந்த பூச்சியின் சிறகைப் பார்த்து முடிவு செய்தது. இரண்டையும் திருத்திய வழியும் ஒன்றே: சிறகைத் தாண்டிப் பார்த்தது.

பழைய பெட்டிகளை எரித்துவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஜமைக்காவில் ரைபியஸின் இன்னொரு உறவினன் இருந்தது, யூரானியா ஸ்லோனஸ். கறுப்பில் பச்சை, நீலம், சிவப்பு. உறவினரில் இதுவே அதிக அழகு என்பவர் உண்டு. தாழ்நிலக் காடுகள் வெட்டப்பட்டுப்போன அந்தத் தீவில் 1890-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அதைப் பார்த்ததற்கு உறுதியான பதிவு இல்லை. 2016-ல் ஆய்வாளர்கள் நூறாண்டு பழைய அருங்காட்சியக மாதிரியிலிருந்து அதன் மரபணுவை எடுத்து வாசித்து, குடும்ப மரத்தில் அதற்குரிய இடத்தைக் கண்டார்கள். யாரோ காசுக்காகப் பிடித்து ஊசியில் குத்திய பூச்சிகள்தான் அந்த இனத்தைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே உடல் சாட்சி. ஆனால் உயிரோடு இருந்தபோது அதன் புழுவையும் இலையையும் முழுக்கக் கவனித்து எழுதியிருக்க வேண்டிய காலம் போய்விட்டது, மரபணு அதைத் திருப்பித் தராது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் டிஸ்ஃபானியா போன்ற பகல் அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. நீலமும் கறுப்புமாக இருப்பதால் பட்டாம்பூச்சி என்றே பலர் படமெடுத்துப் போடுகிறார்கள். படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறகோடு நிறுத்தாமல், ஊரையும் தேதியையும், புழு கண்டால் அது தின்ற செடியையும் சேர்த்து எழுதிவையுங்கள்.